குறையில்லை

லிவிங்ஸ்டன் 1848ல் பக்வேனா மக்களின் (இன்றைய போட்ஸ்வானா) தலைவன் செசேலேவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்காக அவன் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினான். ஆளுக்குப் புதுத் துணி கொடுத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பினான். கூடவே ஒரு செய்தி: உங்கள்மேல் குறையில்லை, இது தேவசித்தம். லிவிங்ஸ்டனே எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்தக் 'குறையில்லை'தான். பலதார மணத்துக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒருவனுடைய மீட்புக்குக் குறையற்ற பெண்கள் விலை கொடுத்தார்கள். அவர்களைக் கேட்டது யார்?

மறுவருஷம், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அவனால் கர்ப்பமானது தெரிந்தது. அவனுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. (தண்டனையிலும் அவன்தான் கதாநாயகன்.) லிவிங்ஸ்டன் வடக்கே போய்விட்டார். செசேலே விடவில்லை, பல வருஷம் தன் ஜனங்களுக்குத் தானே பிரசங்கித்தான். சபை வேர்விட்டது அப்படித்தான்.

அந்தப் பெண்கள் கேட்கப் போயிருப்பார்களா? போயிருந்தால், எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள்?