கடனும் பாவமும்

பிற சமயக் கொள்கையை ஆராயப் புகுவார், முதற்கண் அதனை அச்சமயத்தார் கொண்டவாறே உணர்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தனர். பரபக்கத்தினும் ஒவ்வொரு மதத்தார் கூற்றையும் முதலில் எடுத்தோதிய பின்னரே மறுப்புரைத்தனர். பிறர் கூறாததனைக் கூறினாரெனக் கொண்டு மறுத்தல் வாதமாகாது. இல்லாத குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுதலேயாம்.

கிறித்தவர் கூறும் பாவமன்னிப்பைக் குறித்துச் சைவர் நிகழ்த்தும் தடை ஒன்றுண்டு. செய்த வினையின் பயன் செய்தானைச் சார்தல் ஒருதலை. 'மன்னித்தேன்' என்னும் ஒரு சொல்லால் அவ்வினை கழியுமாயின், தீங்கிழைத்தான் எளிதில் தப்புவன்; தீங்குற்றானுக்கு முறை யாண்டுக் கிடைக்கும்? இத்தடை இகழத்தக்கதன்று. ஆயினும், அச்சொல் எம்மொழியில், எவ்வழக்கினை உடையார்க்கு முதற்கண் கூறப்பட்டதென்பதனைத் தெரிந்த பின்னரே, அது செல்லுமோ செல்லாதோ எனத் துணிதல் கூடும்.

இயேசுநாதர் யூத குலத்தினர். கலிலேயா நாட்டில் அரமேய மொழி பேசி வாழ்ந்தவர். அவர் உரைகள் இன்று நமக்குக் கிடைப்பன கிரேக்க மொழியிலாம். அரமேயத்தில் 'ஹோபா' என்னும் ஒரு சொல்லே கடனையும் பாவத்தையும் ஒருங்கு உணர்த்தும். அவர் மாணாக்கர்க்குக் கற்பித்த வேண்டுகோள், மத்தேயு நூலிற் கடன்களை விடுமாறும், லூக்கா நூலிற் பாவங்களை விடுமாறும் இரண்டு பட அமைந்திருத்தற்குக் காரணம் இதுவெனத் தெளியலாம். எபிரேயரின் பழைய நூல்களுட் பாவமானது பெரும்பாலும் சுமக்கும் பாரமாகவும், கழுவும் கறையாகவும் பேசப்பட்டது. பிற்காலத்தே அது இறுத்தற்குரிய கடனாகக் கருதப்படலாயிற்று.

அந்நாட்டிற் கடன் என்பது ஏட்டில் எழுதிய கணக்களவில் நின்றதன்று. கடனிறுக்க மாட்டாதான் தன் மக்களையும் தன்னையும் அடிமையாக இழந்தான். அதுபற்றியே ஏழாம் ஆண்டுதோறும் கடன் விடுக்க வேண்டுமென உபாகமமும், ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியார்க்கு மீளவும் அடிமைப்பட்டார் விடுதலை பெறவும் வேண்டுமென லேவியராகமமும் விதித்தன. ஏழாம் ஆண்டு அணுகுந்தோறும் செல்வர் கடன் கொடாது கைம்மடக்கினமையின், இல்லெல் என்னும் ஆசிரியர், கடனை நீதிமன்றத்தார்பால் ஒப்புவிக்கும் ஒரு முறையினை வகுத்தனர். சாக்கடலின் மருங்கிலுள்ள கும்ரான் குகையொன்றில் 1956-ஆம் ஆண்டிற் கண்டெடுத்த ஏட்டுச் சுருளொன்று, ஐம்பதாம் ஆண்டின் விடுதலையைப் பாவத்தினின்று விடுபடுதலாகவே விரித்துரைக்கின்றது. ஆதலின் அக்காலத்து யூதர் செவிக்கு மன்னிப்பென்பது எளிதிற் கூறும் உபசாரமொழியன்று. அடிமையின் கட்டறுத்து வீட்டிற்கு அனுப்புதலாம்.

இனி, தீங்குற்றான் நிலை யாதெனின், அதுவும் அவ்வழக்கினுள்ளே அடங்கும். பிறன் பொருளைக் கவர்ந்தான், அதனையும் அதன்மேல் ஐந்திலொரு கூற்றையும் உரியவனுக்குக் கொடுத்த பின்னரே பலி செலுத்தல் வேண்டுமென்பது லேவியராகம விதி. காணிக்கையோடு பலிபீடத்தை அடைந்தான் ஒருவன், சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டென நினைப்பின், அதனை அங்கே வைத்துச் சென்று முன்னர் அவனோடு ஒப்புரவாதல் வேண்டுமென்று இயேசுநாதரும் போதித்தனர். அவர் கூறிய கதையொன்றில் ஓர் அரசன் தன் ஊழியனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை விடுகின்றான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒருவனது ஒருநாட் கூலி. எனவே அஃது ஆறு கோடி நாட்கூலியாம். அவ்வூழியனோ தனக்கு நூறு காசு தரவேண்டிய உடனூழியனைச் சிறையிலிடுவித்தான். அதனையறிந்த அரசன், விடுத்த கடன் முழுதையும் அவன்மேல் மீளவும் சுமத்தினான். பிறர்க்கு விடாதானுக்கு விடுதலை நில்லாது என்பதே இதன் கருத்து. எனவே, அறத்திற்கு இடமின்றி வினை கழியுமென்பது அம்மூல உபதேசத்தின் கருத்தன்றென்பது போதரும். பிற்காலத்தார் எவரேனும் அவ்வாறு எளிமைப்படுத்தி வழங்குவராயின், தடை அவர்மேற் செல்க, மூலத்தின்மேற் செல்லாது.

சைவரும் இவ்வகை நடுநிலையைப் பிறர்பால் எதிர்நோக்குவரன்றே? குருவின் தீக்கையாற் சஞ்சிதம் அழியுமென்னும் சித்தாந்தத்தைக் கேட்டானொருவன், "ஒரு சடங்கினால் எண்ணிறந்த பிறவிகளின் வினை ஒழியுமோ?" என நகைப்பின், இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் முன்னிகழ வேண்டுமென்றும், பிராரத்தம் நுகர்ந்தே கழியுமென்றும் விடை கூறுவர். தம் சொல்லை அதன் முழு இயைபோடு நோக்குமாறு வேண்டுவார், பிறர் சொல்லையும் அவ்வாறு நோக்கக் கடமைப்பட்டவரே. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டபோது, எபிரேயரின் ஆலய வழிபாட்டு விதிகளையே எடுத்துக் காட்டிச் சைவக் கிரியைகளைத் தாங்கினர். பிறர் நூலை உள்ளவாறு கற்றமையே அவர் வாதத்திற்கு வலியாயிற்று.

இங்ஙனம் உணர்ந்தபின் வேற்றுமை மறைந்துவிடுமோ எனின், மறையாது. முன்னினும் தெளிவாக விளங்கும். கடன் ஒரு காலத்தே தோன்றியது. கொடுத்தோன் விடின் ஒழிவது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது. திருவருளால் அதன் வலி கெடுதல் வேண்டும். வினையை மட்டும் விடுத்து, வினைக்கு மூலமாகிய ஆணவத்தை நோக்காத வழி, உயிரின் நோய் முற்றும் தீராதென்பதே சைவர் நிகழ்த்தத் தகும் உண்மைத் தடை. இஃது இருவர் கொள்கையையும் உள்ளவாறு அறிந்தார்க்கே புலனாகும். பிறர் சொல்லைத் திரித்துப் பெறும் வெற்றி, தம் சமயத்திற்குத் தாமே தேடும் இழுக்கென்க.

திருச்சிற்றம்பலம்.