அவசரம் அறியாத மண்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் கிழக்கே பார்த்தால், சமவெளியின் ஓரத்தில் நீலச் சுவர் எழுப்பினாற்போல் கொல்லிமலை தெரியும். கீழே நிலக்கடலையும் சோளமும் ஆமணக்கும் மழைக்கு ஏங்கி நிற்கும் செம்மண் பூமி. மேலே அருவியும், பலா மரங்களும், படிப்படியாய் இறங்கும் நெல் வயல்களும். கீழே நின்று பார்க்கிறவனுக்கு, அங்கே போய்ச் சேர்ந்தாலே மனத்தின் அழுக்கெல்லாம் தானே கழுவப்பட்டுவிடும் என்று தோன்றுவது சகஜம். 'இயற்கையே நல்லாசிரியன்' என்று நம்மில் பலர் பேசுவது இப்படிப்பட்ட தூரத்துப் பார்வையை வைத்துக்கொண்டுதான்.

ஆனால் இயற்கை எதைப் போதிக்கிறது? எறும்பைக் காட்டி உழைப்பைப் போதிக்கலாம். காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும் குயிலைக் காட்டி, பெற்ற பிள்ளையைப் பிறர் தலையில் கட்டும் சாமர்த்தியத்தையும் போதிக்கலாமே! நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட நீதிக்கு இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்று ஒருவர் வாதித்தால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஏசுநாதர் வயலையும் விதையையும் திராட்சைக் கொடியையும் காட்டிப் பேசியவர். விதைத்தவன் தூங்கி விழித்துக்கொண்டிருக்க, அவன் அறியாமலே பயிர் முளைத்து வளர்வதைப் பற்றி மாற்கு சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. உள்ளத்தில் தெய்வ காரியம் வளர்வதும் அப்படித்தான் என்பது கருத்து. கேட்பதற்கு அழகான கருத்து. வாழ்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி வாழ்ந்து பார்த்தவர்கள் அந்த நீலச் சுவரின் மேலேயே இருந்திருக்கிறார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1907-ல் மிஷன் ஊழியராக இந்தியாவுக்கு வந்தார். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியம் பயின்ற ஈவ்லினை 1913-ல் மணந்து, கொல்லிமலை மீதே குடித்தனம் வைத்தார். இன்று எழுபது வளைவுகளைக் கடந்து பஸ் மேலே போகிறது. அன்று கால்நடையாக ஏற வேண்டும், இல்லையென்றால் டோலி. ஜெஸ்ஸி முழு டாக்டர் அல்ல. சிறிது காலமே வைத்தியம் பயின்றவர். மலைவாசிகள் மருந்துக்கு வந்தார்கள், பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். அவருடைய மதத்தை மட்டும் வருஷக்கணக்காக யாரும் ஏற்கவில்லை. பூசாரியின் எதிர்ப்பு பலமாக இருந்தது. கடைசியில் அந்தப் பூசாரியே காய்ச்சலில் மரணத் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். மக்கள் மனம் திரும்பியது அதற்குப் பிறகே. மதம் மாறுவதைப் பற்றி வாசகர்களிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். அது ஒரு புறம் இருக்கட்டும். பலன் தெரியாத அத்தனை வருஷம் ஒருவன் விதைத்துக்கொண்டே இருந்தான் என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது.

அந்த நாளில் மலைமீது நரம்புச் சிலந்தி என்ற வியாதி பரவியிருந்தது. மூன்றடி வரை நீளக்கூடிய புழு உடம்புக்குள் வளர்ந்து, காலில் கொப்புளம் கட்டி, தோலைத் துளைத்துத் தலை காட்டும். அதை வெளியே எடுக்க ஒரே முறைதான்: ஒரு குச்சியில் தினம் சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நாளாகும், வாரங்களும் ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தது உள்ளேயே அழுகிச் சீழ் வைக்கும். நம்முடைய பொறாமையையும் கோபத்தையும் ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிட்டதாகச் சபதம் செய்கிறோமே, அந்தச் சபதங்களின் கதியும் இதுதான் அல்லவா? வெளியே அறுந்து விழுகிறது; உள்ளே சீழ் பிடிக்கிறது.

இழப்பதும் இதே போலத்தான் சிறுகச் சிறுக நேர்கிறது. அந்தத் தம்பதியின் மகன் பால் பிராண்ட், 1914-ல் பிறந்தவர், தம் மலைநாட்டுப் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தவளை பிடிக்கும் ஆசையில் சிறுவர்கள் நெல் வயலில் இறங்கிச் சேற்றைக் கலக்கினார்களாம். ஊர்க் கிழவர் ஒருவர் வந்தார். அதட்டவில்லை, ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். கலங்கிய நீரோடு மண்ணும் கீழ் வயலுக்கு ஓடும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும், திரும்பி வராது என்று சொன்னார். வெள்ளம் வந்து வயலை அடித்துக்கொண்டு போனால் ஊரே கூடிக் கரை கட்டும். கைப்பிடி கைப்பிடியாகப் போகிற மண்ணுக்கு அழுகிறவன் யார்? ஒரு சிறு பொய், செய்யாமல் தள்ளிப்போட்ட ஒரு சிறு உதவி, இப்படித்தான் நம் வயல்களும் மெலிந்துபோகின்றன.

இதுவரை இயற்கையை ஆசிரியனாக்குவது சுலபம். 1929 ஜூன் மாதத்தில் அது கடினமாகிறது. மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். வயது நாற்பதுகளின் நடுவில். கொசுவும் இயற்கைதானே? அது என்ன பாடம் சொல்லிற்று? அதை ஆசிரியன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கணவனை இழந்தவளிடம் போய், 'கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தானே பலன்' என்று சொல்கிறவன், உவமையைக் காப்பாற்ற மனிதத்தன்மையை விட்டுவிடுகிறான்.

மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். மரணச் செய்தி தந்தியில் பறந்து வந்தது. தந்தை முன்பே எழுதிய கடிதங்களோ கப்பலில் மெல்ல ஊர்ந்து, அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. இறந்தவரின் கை, மலையின் அழகையும் அதைப் படைத்தவனையும் வர்ணித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிறுவன் முதலில் கட்டட வேலை பழகி, பிறகு வைத்தியம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே தேய்ந்துபோகின்றன என்று உலகுக்கு எடுத்துக்காட்டி, மடங்கிப்போன கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்தினார். தந்தை இதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

தாயோ மலைக்கே திரும்பினாள். ஓய்வு பெறும் வயது வந்து, மிஷன் அவளை விடுவித்த பிறகும், தன் பொறுப்பில் மலைமேல் குடியேறிச் சுற்றுவட்டார மலைகளிலெல்லாம் ஊழியம் செய்தாள். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தாள். கணவனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் இடம். நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்து முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில். அதை அவளும் பார்க்கவில்லை.

இயற்கை நமக்குச் சொல்லித் தருவது நன்மை தீமையை அல்ல. வளர்ச்சியின் வேகம் என்ன, அதன் விலை என்ன என்பதைத்தான். எதுவும் நம் அவசரத்துக்கு முளைப்பதில்லை. விதைத்தவனே அறுக்க வேண்டும் என்ற சட்டமும் மண்ணில் இல்லை. அதற்குமேல் இயற்கையிடம் கேட்கக் கூடாது. விதைக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது; விழுந்த இடத்தில் கிடக்கும். அந்த விதவை லண்டனில் சௌகரியமாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த இடத்தில் விழுவது என்று தானே தேர்ந்துகொண்டு, மறுபடியும் மலையேறினாளே, அதை எந்த மரமும் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது.