ரசிகரின் கண்ணீர்

2005இல் வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தொகுப்பைக் கேட்கும் ரசிகரொருவர், பெரிய காஞ்சிபுரத்துக் குழித்தறியில் நாடா ஓட்டும் கையை நிறுத்திக் கண்கலங்கினால், அது பக்தியா, இசைச்சுவையா என்ற வினா எழுகிறது. அவ்வூர் ஏகம்பத்து இறைவனைப் போற்றிய மாணிக்கவாசகரின் சொற்களை, ஓதுவார்கள் வழக்கமாக மோகன ராகத்தில் பாட, இங்கு புடாபெஸ்ட் இசைக்குழுவின் வயலின்கள் சுமக்கின்றன. ஆன்மா தான் சேர்ந்த பொருளின் தன்மையையே அடையும் என்பதைச் சைவ சித்தாந்தம் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்கிறது. அவ்வாறெனில் ராஜாவைச் சார்ந்த நெஞ்சு ஈசனைச் சாரவில்லை என வகுப்பது, உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வைச் சேலையில் இழை பிரிப்பதை ஒக்கும். அதே ரசிகர் திரைப்பாட்டுக்கும் அழுவார் என்பதுதான் சித்தாந்திக்குச் சங்கடம். ரசிகருக்கு அதில் சங்கடமேதுமில்லை.