நின்று எழும் கணினி அதே கணினியா?

ஒரு பொருள் மாறிக்கொண்டே இருந்தும் அதே பொருளாக எவ்வாறு நீடிக்கிறது என்ற பழைய கேள்விக்கு, கிளவுட் தளங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கணிப்பு வசதிகள் எதிர்பாராத உரைகல்லாக அமைகின்றன. அமேசான் நிறுவனம் 2006இல் அறிமுகப்படுத்திய இசி2 சேவை, ஒரே வன்பொருளைப் பலருக்குப் பகிர்ந்தளித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி போலத் தோன்றும் மெய்நிகர் கணினிகளை வழங்குகிறது. அவற்றில் ஒன்றை நிறுத்தி மீண்டும் இயக்கினால், அது பெரும்பாலும் வேறொரு வன்பொருளில் எழுகிறது. தானாக ஒதுக்கப்பட்ட பொது ஐபி முகவரி மாறுகிறது. ரேமில் இருந்தவை அழிகின்றன. ஆயினும் அதன் அடையாள எண்ணும், இபிஎஸ் எனப்படும் வலைவழி வட்டில் எழுதப்பட்டவையும் மாறாதிருப்பதால், பயனர் அதை அதே கணினி என்றே கொள்கிறார். கட்டணப் பட்டியலும் அவ்வாறே கொள்கிறது.

ஆளின் ஒருமை உடலையோ ஆன்மப் பொருளையோ சாராது, உணர்வின் தொடர்ச்சியையே சார்ந்தது என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் வாதிட்டார். வட்டையே நினைவாகக் கொண்டால், இக்கணினி அவருடைய அளவுகோலில் ஒருவாறு தேறிவிடும்.

அமேசானின் மற்றொரு கிளவுட் சேவையாக 2014இல் வந்த லாம்டா அத்தனை எளிதில் பிடிபடுவதில்லை. அங்கே பயனர் தருவது நிரல் மட்டுமே. அழைப்பு வரும்போது அதற்கான இயங்குசூழல் உருவாகி, பணி முடிந்ததும் உறைகிறது. அடுத்த அழைப்புக்கு அதுவே விழிக்கலாம், புதியதொன்றும் பிறக்கலாம். எல்லாம் கணந்தோறும் தோன்றி மறைகின்றன எனும் பௌத்தரின் கணிகவாதம் இதற்குப் பொருந்துவதாகத் தோன்றும். எனினும் பௌத்தத்தில் முன்கணம் பின்கணத்துக்குக் காரணமாகிறது. லாம்டாவின் இரு அழைப்புகளுக்கிடையே அத்தகைய தொடர்பு இருந்தாக வேண்டியதில்லை. பல தனிப்பொருள்களில் ஒன்றாக நிற்கும் பொதுமையை, நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர் சாமானியம் என்பர். லாம்டாவின் நிரலுக்கு அக்கருத்தே நெருக்கமானது.