அளந்து வாழ்வதும் தர்மமே

அய்யா துணை



மாசி 20 அய்யா வைகுண்டர் அவதாரத் திருநாள். கொல்லம் ஆண்டு 1008-ல், அதாவது 1833-ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக வெளிப்பட்ட நாள் அது. அந்த நாளில் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குக் காவிக்கொடி பிடித்து ஊர்வலமாக நடக்கிற குடும்பங்கள் எத்தனையோ. பதியில் பணிவிடை கண்டு, திருநாமம் இட்டு, அன்னம் உண்டு, மனம் நிறைந்து வீடு திரும்புகிறார்கள். மறுநாள் விடிந்தால் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வட்டிக்கும் பணம் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே, இந்த மாசி 20 முதல் அடுத்த மாசி 20 வரை குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கவும் இதுவே ஏற்ற சமயம்.

வரவு செலவுக் கணக்குக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அய்யாவின் வரலாறே அதற்குப் பதில் சொல்லும்.

அய்யா நிறுத்திய செலவு

அய்யா அவதரித்த காலத்தில் திருவிதாங்கூரில் ஏழையின் உழைப்பு அவன் வீடு வந்து சேரவில்லை. தலைக்கு வரி இருந்தது. பனைக்கு வரி இருந்தது. பனையேறும் தளைக்கும் ஏணிக்கும்கூட வரி இருந்தது. அதற்கு மேல் கூலியில்லாத ஊழியம். பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு வர வேண்டும். மிஞ்சிய கொஞ்சத்தையும் பயம் பறித்துக்கொண்டது. பேய்க்குக் கொடை, ஆடு கோழிப் பலி, மந்திரவாதிக்குத் தட்சணை என்று கையில் இருந்ததும் போயிற்று.

அய்யா இந்த இரண்டையும் எதிர்த்தார். வரியும் ஊழியமும் வாங்கிய அரசின் அநியாயத்தை வெளிப்படையாகச் சொன்னார். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையிலும் இருந்தார். மக்களிடமோ காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், காவடி வேண்டாம் என்று உபதேசித்தார். பள்ளியறையில் ஒரு கண்ணாடி, விளக்கு, நெற்றிக்குத் திருமண், வந்தவர்க்கெல்லாம் ஒரே பந்தியில் அன்னம். எந்த ஏழையும் கூச்சப்படாமல் வந்து நிற்கக்கூடிய வழிபாட்டை அய்யா தந்தார்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தாரை நினைத்துப் பாருங்கள். மூன்று வேளை குளித்து, உடுதுணியைத் தாங்களே துவைத்து, எளிய சைவ உணவை ஒரு வேளை மட்டும் உண்டு அவர்கள் வாழ்ந்தார்கள். குறைவாக உண்டதால் அவர்கள் யாருக்கும் தாழ்ந்துபோகவில்லை. எவ்வளவு போதும் என்று தெரிந்துகொண்டவர்களாக ஊர் திரும்பினார்கள்.

சாமி கும்பிடவே செலவு வேண்டாம் என்றார் அய்யா. அவருடைய மக்கள் இன்று எதில் செலவழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பால்காய்ப்புக்கு ஊர் முழுக்கப் பந்தல். காதுகுத்துக்கும் சடங்குக்கும் மண்டபம். கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று பேச்சு. இலையில் வைத்ததில் பாதி குப்பைக்குப் போகிறது. பேய்க்குப் பயந்து செலவு செய்த காலம் போய், ஊரார் வாய்க்குப் பயந்து செலவு செய்யும் காலம் வந்திருக்கிறது. பயம் மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

கடனும் ஓர் ஊழியமே

தலையில் துணி கட்ட அனுமதியில்லாத மக்களைத் தலைப்பாகை கட்டிப் பதிக்கு வரச் சொன்னவர் அய்யா. நிமிர்ந்து நில் என்பதே அதன் பொருள். பதியில் தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கிறவர், வட்டிக்காரர் வருகிற நாளில் வீட்டுப் பின்வாசலில் ஒளிய நேர்ந்தால் அந்தத் தலைப்பாகைக்கு என்ன மதிப்பு?

ஒரு கொத்தனார் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 1,000 ரூபாய். முன்பு ஒரு விசேஷத்துக்காக மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். கேட்கும்போது சிறிதாகத் தெரியும். மாதம் 1,500 ரூபாய், வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதாவது வருஷத்தில் 18 நாள் அவர் வெயிலில் நின்று கல் கட்டுவது வட்டிக்காரருக்காக. அந்த 18 நாளும் கூலியில்லாத ஊழியம்தான். மூன்று வருஷத்தில் 54,000 ரூபாய் வட்டி கட்டிய பிறகும் முதல் 50,000 அப்படியே நிற்கும். ராஜா கேட்ட ஊழியத்தை அய்யா ஒழிக்கச் சொன்னார். நாமாகத் தேடிப் போகிற ஊழியத்தை நாம்தான் ஒழிக்க வேண்டும்.

ஒரு வருஷக் கணக்கு

அதே குடும்பத்தின் ஒரு வருஷத்தைப் பார்ப்போம். பலர் செய்யும் முதல் தவறு, நல்ல மாதத்தின் வருமானத்தை எல்லா மாதத்துக்கும் வைத்துக் கணக்குப் போடுவது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு. பங்குனியில் 24 நாள் வேலை கிடைக்கும் கொத்தனாருக்கு ஆனியில் 14 நாள்தான் கிடைக்கும். ஐப்பசி மழையில் 10 நாள் கிடைத்தால் பெரிது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மழையிலும் வேலை இல்லை, இலை உதிரும் காலத்திலும் வேலை குறைவு. ஆகவே மாதத்தை விட்டுவிட்டு வருஷத்தைக் கணக்கிட வேண்டும்.

கொத்தனாருக்கு வருஷத்தில் 220 நாள் வேலை என்றால் வரவு 2,20,000. மனைவி தையலில் மாதம் 3,000 சம்பாதித்தால் 36,000. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வீதம் 12,000. ஆக மொத்தம் 2,68,000 ரூபாய்.

இனிச் செலவு.

தர்மத்துக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் 3,650.
சாப்பாட்டுக்கு மாதம் 9,000 வீதம் 1,08,000.
கரண்ட், கேஸ், போன், பஸ் செலவுக்கு மாதம் 2,500 வீதம் 30,000.
பிள்ளைகள் படிப்புக்கு 25,000.
வைத்தியத்துக்கு 12,000.
திருநாள், துணிமணி, சொந்தபந்த விசேஷங்களுக்கு 20,000.
வீட்டு வரிக்கும் ஓடு மாற்றவும் 6,000.

இவை 2,04,650 ரூபாய். மீதி 63,350. இந்த மீதி அந்த வீட்டில் ஏன் கண்ணில் படவில்லை? எழுதி வைக்காததால்தான். டீக்கடையில், வாரக்கடைசியில், யாரோ வைத்த பிளக்ஸ் போர்டுக்குப் பங்கு என்று அது கரைந்துபோயிற்று. குடிக்கிற வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு 150 ரூபாய் குடித்தால் வருஷத்துக்கு 54,750 ரூபாய். மீதி கிட்டத்தட்ட முழுவதும் அதில் போய்விடும்.

இந்த மீதியிலிருந்து மாதம் 5,100 ரூபாய் வீதம் வட்டியும் முதலுமாகக் கட்டினால், முதல் மாதம் 1,500 வட்டி போக 3,600 முதலில் கழியும். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். 12 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். முதலைச் சிறுகச் சிறுக வாங்க வட்டிக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால், வீட்டு நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அவர் கடனை முதலில் அடைத்துவிடலாம். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். கடன் முடிந்த பிறகு அதே தொகையில் ஒரு பகுதியைத் தபால் நிலையத்தில் மாதச் சேமிப்பாகப் போட்டு வந்தால், அடுத்த விசேஷத்துக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

இந்தத் தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். முறை ஒன்றுதான்.

மாதம் பார்த்து ஒதுக்குங்கள்

தையிலிருந்து சித்திரை வரை வேலை உள்ள மாதங்கள். அப்போது கையில் பணம் புழங்கும், செலவுக்கும் மனம் துடிக்கும். அந்த மாதங்களில்தான் வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வரும் செலவுக்கும் ஆனி, ஆடி மழைக்கும் எடுத்து வைக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் ஐப்பசி, கார்த்திகைக்காக எடுத்து வைக்க வேண்டும். சாமிதோப்பில் வைகாசி, ஆவணி, தை என்று மூன்று கொடியேற்றுத் திருநாள். கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு. இந்த நாட்கள் வருஷந்தோறும் வருகிறவை. எதிர்பாராத செலவு என்று இவற்றுக்குப் பெயர் சொல்லக்கூடாது. பஸ் கட்டணமும் வேட்டியும் பழமும் இன்னதுதான் என்று முன்பே எழுதிவிடலாம்.

தர்மத்தின் பங்கு எது?

மேலே சொன்ன கணக்கில் முதல் வரி தர்மம். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த வரியில்தான் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கி விடுவதே தர்மம் என்பது அய்யாவின் உபதேசம். தனக்கு வேண்டாததைக் குறைத்து, இல்லாதவருக்கு ஒரு பங்கு வைக்கிறவர் சிக்கனக்காரர். எல்லாவற்றையும் பூட்டி வைக்கிறவர் பணத்துக்குக் காவல்காரர். நாளைக்கு 10 ரூபாய் முடியாத வீட்டில், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் அது தாங்கல் அன்னதர்மத்துக்கு உதவும், அல்லது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சியாகும்.

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். ஒரு நாள் பணிவிடையை ஏற்று நடத்த வேண்டும், போன வருஷம் அவர் செய்ததைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று கடன் வாங்குகிறவர்கள் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் கடன் வாங்கிச் செய்த தர்மத்துக்கு வட்டி கட்டுவது யார்? அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பாலிலும் படிப்பிலும் கை வைத்து நடத்தும் பணிவிடையை அய்யா கேட்கவில்லை. காணிக்கையே வேண்டாம் என்றவர் கடன் காணிக்கையையா கேட்பார்? பணம் இல்லாதவர் பதியில் முற்றம் கூட்டலாம், தண்ணீர் சுமக்கலாம், காய் நறுக்கலாம். அதுவும் பணிவிடைதான்.

அய்யா பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கு

எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார், கணக்கு எதற்கு என்று சொல்வதும் உண்டு. அய்யா பார்த்துக்கொள்வார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பதி அடுக்களையில் போய்ப் பாருங்கள். அன்னதர்மத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு, அதற்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய் என்று எண்ணித்தான் உலை வைக்கிறார்கள். குறைந்தால் கடைசிப் பந்தி பட்டினி, மிஞ்சினால் அன்னம் வீண். இரண்டும் பாவம் என்பதால்தான் அந்த அளவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னதும் இதையே. பதியில் அளந்து போடுகிற கை வீட்டில் அளக்காமல் இருக்கலாமா?

இந்த மாசியில் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வரவையும் செலவையும் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன், கணவருக்குத் தெரியாத சீட்டு எதுவும் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளை வீண் பிடிவாதம் பிடிக்காது.

இரண்டு: தர்மத்தின் பங்கை முதலிலும், கடன் தவணையை அடுத்தும் எடுத்து வையுங்கள். மீதியில் குடும்பம் நடத்துங்கள்.

மூன்று: அதிக வட்டிக் கடனை முதலில் தீருங்கள். அது தீரும்வரை புதுக் கடன் வேண்டாம்.

நான்கு: இந்த வருஷம் வீட்டில் கல்யாணம் இருந்தால், பதியிலோ தாங்கலிலோ எளிமையாக நடத்த இரு வீட்டாரும் பேசிப் பாருங்கள். பெண் வீட்டார் கேட்கத் தயங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு சொன்னால் அதுவே பெரிய தர்மம்.

ஐந்து: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பதிக்கோ தாங்கலுக்கோ போய் வந்த பிறகு நோட்டைத் திறந்து பாருங்கள். பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவருக்குத் தன் முகம் உள்ளபடி தெரியும். கணக்கு நோட்டில் வீட்டின் முகம் உள்ளபடி தெரியும். பிடிக்காதது தெரிந்தாலும் மூடி வைக்க வேண்டாம்.

அடுத்த மாசி 20-ல் ஊர்வலத்தில் நடக்கும்போது, எந்த வட்டிக்காரருக்கும் ஒளியாத குடும்பமாக, இல்லாதவருக்கு ஒரு பிடி கொடுத்த குடும்பமாக நடக்க வேண்டும். அன்பர்கள் எல்லோர் வீட்டிலும் கடன் ஒழிந்து, அன்னம் குறையாமல், தர்மம் தழைக்க அய்யா அருள்புரிவாராக.

அய்யா உண்டு!