பூனை ஏன் அழுவுது?

கார்ட்டூனில் சோக முகம் வரைவது சுலபம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு வட்டம், இரண்டு புள்ளி, கீழ்நோக்கி வளைந்த ஒரு கோடு. அவ்வளவுதானே? வரைந்து பாருங்கள். கோபமாக இருக்கும், சலிப்பாக இருக்கும், சில நேரம் மீன் மாதிரிகூட இருக்கும். சோகம் இருக்காது. அது வருவது புருவத்தில். மூக்குக்கு மேலே இருக்கும் உள்முனைகளைக் கொஞ்சம் தூக்கி, வெளிமுனைகளைச் சரியவிட வேண்டும். அப்புறம் வாயே இல்லாவிட்டாலும் முகம் அழ ஆரம்பித்துவிடும்.

மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872இல் டார்வின் ஒரு நூல் எழுதினார். அதில் இந்தப் புருவச் சாய்வைத் தனியாகக் கவனித்திருக்கிறார். அதை இழுக்கும் தசைகளை நினைத்தபோதெல்லாம் அசைக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு என்கிறார். வாயை யார் வேண்டுமானாலும் கவிழ்த்துக்கொள்ளலாம். புருவம் லேசில் பொய் சொல்லாது.

இன்னொரு தகவல், எங்கள் துறைப் பக்கத்திலிருந்து. 1982 செப்டம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன், தட்டச்சுக் குறிகளால் ஆன இரண்டு முகங்களை முன்மொழிந்தார். சிரித்த முகம் போட்டால் ‘இது விளையாட்டுக்கு’ என்று அர்த்தம். கவிழ்ந்த வாய்க்கு அவர் கொடுத்த அர்த்தம் சோகம் கிடையாது. ‘இது விளையாட்டு இல்லை’ என்பதுதான். வருத்தமும் எரிச்சலும் பிறகு அதில் வந்து ஏறிக்கொண்டன. குழந்தைக்காக வரையும் சோக முகத்துக்கும் அந்த முதல் அர்த்தம்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது விளையாட்டு இல்லை, கொஞ்சம் நின்று பார்.

ஆனால் நாம் நிற்க விடுவதில்லை. “பிள்ளைங்களுக்கு எதுக்குப்பா சோகம்? சந்தோஷமா வரைஞ்சு குடு” என்பார்கள். மீறி வரைந்தாலும் அடுத்த பக்கத்திலேயே வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பலூன் வந்துவிடும், இல்லையென்றால் ஒரு ஐஸ்கிரீம். இந்த அவசரம் யாருக்காக? அழும் குழந்தையைப் பார்க்க முடியாமல் தவிப்பது பெரியவர்கள்தான். வாயைத் திருப்பிப் போட்டால் முதலில் நிம்மதி அடைவதும் அவர்கள்தான்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் சரியான விடைக்குச் சிரித்த முகம், தவறான விடைக்குச் சோக முகம் என்று முத்திரை குத்துவது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் சோகமாக இருப்பதே ஒரு தப்பு, மதிப்பெண் குறையும் விஷயம் என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளாதா? நாளைக்கு உண்மையாகவே மனசு கனக்கும்போது அதைக் காட்டுவதற்கு அது கூச்சப்படாதா?

அக்கா மகளுக்கு ஆறு வயது. ஒருநாள் கேட்டாளே என்று அழும் பூனை ஒன்று வரைந்து கொடுத்தேன். “மாமா, பூனை ஏன் அழுவுது?” என்றாள். நான் யோசிப்பதற்குள் அவளே, “அம்மாப் பூனை இன்னும் வேலை முடிஞ்சு வரலயா?” என்றாள். புருவத்தை எத்தனை டிகிரி சாய்ப்பது என்பது என் கேள்வி. அவளுக்கோ முகத்துக்குப் பின்னால் ஒரு காரணம் வேண்டும்.

தொல்காப்பியர் அவள் கட்சி. மெய்ப்பாட்டியலில் அழுகையைச் சொல்லும்போது அவர் முகத்தை வருணிக்கவில்லை. அது எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நான்கைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெரியவர்களுக்கான பட்டியல் மாதிரித் தெரிந்தாலும் நான்கும் குழந்தையிடம் இருக்கின்றன. வகுப்பில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் இளிவு. வளர்த்த பூனை செத்துப்போனால் இழவு. பழைய நிலை கெட்டு வருந்துவதை அசைவு என்பார் உரையாசிரியர் பேராசிரியர். தோட்டத்து வீட்டை விட்டு அடுக்குமாடியின் பத்தாவது மாடிக்கு வந்த பிள்ளைக்கு இருப்பது அதுதான். கேண்டீனில் மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் மட்டும் குடிக்கும் பிள்ளையின் வறுமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த நான்குக்கும் ஒரே கவிழ்ந்த வாயை வரைந்துவிட்டு, ஒரே ஐஸ்கிரீமால் சரிசெய்ய முடியுமா?

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பிக்சாரின் ‘இன்சைட் அவுட்’ (2015) படத்தில், ஆசையாக வைத்திருந்த வண்டியைப் பறிகொடுத்து பிங் பாங் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும். ஜாய் கிச்சுகிச்சு மூட்டிப் பார்ப்பாள், நடக்காது. நீல நிறச் சோகம் பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்வதைக் கேட்கும். அழுது முடித்துத் தானே எழுந்துகொள்ளும் பிங் பாங். நம் ஊர் ‘உப்பின் இப்பின்’ வேறு வழியில் போகிறது. அந்த இரட்டையர் பெற்றோரை இழந்தவர்கள். அதை வைத்து அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாரும் கண்ணீர் பிழிவதில்லை. ஓப்பாவும் காக் ரோஸும் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், குறும்பு செய்கிறார்கள். இழவு அந்த வீட்டில் ஓர் ஓரமாக இருந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழந்தையை அழவைப்பது ரொம்ப சுலபம். கண்ணைப் பெரிதாக்கி, மழையில் நனையவிட்டு, தாயைப் பிரித்துவிட்டால் போதும். பார்வையைப் பிடித்துவைப்பதற்காக மட்டும் அப்படி வரைவது குழந்தையின் இரக்கத்தைத் திருடுவது. அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: படத்தைப் பார்க்கும் பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால், அந்தப் படத்துக்குள் பதில் இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் சோகமான உருவம் வரைந்தால் தாளின் நடுவில் வைப்பதில்லை. ஓரமாக வரைந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விடுகிறேன். அந்த இடத்தில் யாரை வரையலாம் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.