யார் செய்த குற்றம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் வினவினர். இரண்டும் அன்று என்பதே அவர் விடை. அருளப்பர் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால், "இது யாருடைய பரம்பரை?" என்ற கேள்வியே முதலில் எழுகின்றது.

இக்கேள்வி தாயின் நெஞ்சைத் துளைக்கும் ஒரு நோய் உண்டு. ஜெர்மனியக் கண் வைத்தியர் தியோடோர் லேபர் 1871இல் விவரித்த பார்வை நரம்பு நோய் அது. பெரும்பாலும் இளம் ஆண்களைத் தாக்கும். நோவின்றி ஒரு கண் மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மற்றக் கண்ணும் மங்கும். கலங்களுக்குச் சக்தி அளிக்கும் இழைமணிகளின் பரம்பரைப் பிழையே காரணம் என்று 1988இல் அறியப்பட்டது. கண், நரம்பு, தசை ஆகியன மிகுந்த சக்தியை வேண்டுவன. ஆகவே இழைமணிக் கோளாறுகள் பல அவற்றையே தாக்குகின்றன. இந்த இழைமணிகள் தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகின்றன.

அப்படியாயின் தாய் குற்றவாளியா? பாவத்துக்கு அறிவும் சம்மதமும் வேண்டும் என்பது ஞானோபதேசத்தில் நாம் படித்தது. தன் தாயிடமிருந்து தான் பெற்றதை, அறியாமலே ஒருத்தி பிள்ளைக்குக் கொடுத்தாள். இதில் சம்மதம் எங்கே?

அறிந்த பின் மறைப்பதோ வேறு விடயம். பிழையைச் சுமக்கும் எல்லோரும் பார்வை இழப்பதில்லை. ஆனால் புகைத்தல் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றது. அண்ணனின் நோய் என்னவென்று அறியாத தம்பி, சிகரெட்டைக் கையில் எடுக்கிறான். மறுபுறம், பார்வை இழந்த ஆணின் பிள்ளைகளுக்கு அவன் வழியாக இந்நோய் செல்லாது. இதை அறியாத ஊர், அவன் மகளையும் சந்தேகிக்கும். உண்மை சிலரை எச்சரிக்கின்றது, சிலரை விடுவிக்கின்றது.

தங்கையின் நிலைதான் கடினம். அவள் பிள்ளைகளுக்கு இது செல்லக்கூடும். சொன்னால் கலியாணம் குழம்பும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் பாவத்துக்கு மட்டுமன்று, திருமணத்துக்கும் அறிவோடு கூடிய சம்மதம் வேண்டும். அறிந்து ஏற்பவனின் அன்பே அவளுக்கு உறுதியான துணை.

இதில் நமக்கும் பங்குண்டு. உண்மை சொன்ன வீட்டை ஒதுக்கும் ஊர், அடுத்த வீட்டுக்குப் பொய்யைக் கற்றுக் கொடுக்கின்றது. அந்தக் குற்றம் பரம்பரையால் வந்ததன்று. நாம் அறிந்தே செய்வது.